பத்திரமாகப் போய்ச் சேர்ந்தவள்

அவள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அந்தத் தெருவில் இன்றைக்கும் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். வழியில் ஏமாறவில்லை, பெட்டி தொலையவில்லை, தப்பான காரில் ஏறவில்லை. தனியாக வெளிநாடு போகிற பெண் விமான நிலையத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பேச்சு வந்தால் அவளைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். காட்டிவிட்டுப் போகட்டும், வாய்க்கு வரியா போட முடியும்?

வீட்டில் அவள் பெரியவள், தங்கை சின்னவள். பெற்றவள் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தெருவுக்கும் அதுவே பழகிப்போனது. பெரியவள் ஒரு சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுபவள். ஹோட்டல்களில் இருந்து மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்புகள் வரும். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, ஒரு சுருக்கம் இல்லாமல் தேய்த்து அடுக்குவாள். ஆவி பட்டுப் பட்டு இரண்டு முன்கைகளிலும் முடியே கிடையாது. வாயில்லாப் பூச்சி. எள் என்று சொல்வதற்குள் எண்ணெயாக நிற்பாள். மேற்பார்வையாளர் திட்டினால், திட்டி முடிக்கும்வரை தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துக்கொண்டு காத்திருப்பாள். விரிப்பு கருகிவிடக் கூடாதல்லவா, அதற்காக.

சின்னவள் அப்படியே நேர்மாறு. செல்போன் பழுதுபார்க்கும் கடையில் கண்ணாடித் தாள் ஒட்டுகிற வேலை. ஒட்டிக்கொண்டே வாடிக்கையாளரிடம் ஊர் உலகம் எல்லாம் பேசுவாள். மாலையில் வீட்டுக்கு வந்ததும் அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களை எல்லாம் ஒவ்வொருவராக நடித்துக் காட்டுவாள். அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறி, போதும்டி என்று கையெடுத்துக் கும்பிடுவாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சின்னவளைப் பற்றி அம்மாவுக்கு ஒரு தைரியம். பெரியவளைப் பற்றித்தான் கவலை.

சலவைக்கூடத்துக்கு ஒரு இயந்திரம் வந்தது. ஈர விரிப்பை ஒரு பக்கம் நுழைத்தால் மறுபக்கம் தேய்த்து மடித்துத் தள்ளும். பெரியவளுக்கு வேலை போயிற்று. இந்த வயதில் புதிதாக எந்தத் தொழிலைக் கற்றுக்கொள்வது? செருப்புக் கடைக்கு மாடியில் இருந்த ஏஜென்ட், வெளிநாட்டில் ஒரு பெரிய ஹோட்டலில் இஸ்திரி வேலை இருக்கிறது என்றார். தங்க இடம், சாப்பாடு, போகிற டிக்கெட், எல்லாம் கம்பெனியே பார்த்துக்கொள்ளும். தெரிந்த தொழில், கூடுதல் சம்பளம். பெரியவள் தலையாட்டினாள். அவள் எதற்குத்தான் ஆட்டவில்லை?

ஆனால் சின்னவளை ஏஜென்ட்டால் அவ்வளவு சுலபமாகச் சமாளிக்க முடியவில்லை. தனியாக வந்து இறங்கும் பெண்களை ஏமாற்றுகிறவர்களைப் பற்றி அவள் செல்போனில் பார்க்காத வீடியோ இல்லை. நேரே ஏஜென்ட்டின் மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"எங்க அக்காவைக் கூட்டிட்டுப் போக வர்றவர் யாரு? அவர் போட்டோ வேணும். கையில பலகை வெச்சிருக்கணும். அதுல அக்கா பேரும் கம்பெனி பேரும் இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் அவ அந்த ஹாலை விட்டு நகர மாட்டா."

ஏஜென்ட் அசந்துபோனார். "இப்படி ஒரு தங்கச்சி இருந்தா வேற என்ன வேணும்?" என்று டீ வரவழைத்தார். போட்டோவை உடனே அனுப்பிவைத்தார். நீலச் சட்டை போட்ட, பார்க்க நல்ல மனிதராகத் தெரிந்த ஒருவர். சின்னவள் அதை அச்செடுத்து அக்காவின் கைப்பையில் வைத்தாள். மறுபடியும் சொல்கிறேன், அந்தப் பெண்ணின் கெட்டிக்காரத்தனத்தில் ஒரு குறையும் இல்லை.

பிறகு ஒத்திகை ஆரம்பமாயிற்று.

அவர்கள் வீட்டில் ஒரே ஒரு பெரிய அறை. கட்டில் அதிகாரியின் மேசையானது. சமையல் தடுப்புக்கு மாட்டியிருந்த திரை, வெளியே போகும் வாசல். அதிகாரி வேடம் அம்மாவுக்கு. கட்டிலில் விறைப்பாக உட்கார்ந்து, பெரியவள் நீட்டிய பாஸ்போர்ட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். சின்னவள் தரையில் உருண்டு சிரித்தாள். உலகத்தில் எந்த அதிகாரி பயணியிடம் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறார்? "கேட்டா என்ன தப்பு? அவ்வளவு தூரம் வர்றா பாவம்" என்றாள் அம்மா.

மற்ற வேடங்கள் எல்லாம் சின்னவளுக்கு. டாக்ஸி வேண்டுமா என்று கையைப் பிடித்து இழுப்பவள் அவள்தான். நான் தூக்குகிறேன் என்று பெட்டியைப் பறிப்பவளும் அவளே. உங்களைக் கூட்டிப்போக வந்தவருக்கு வழியில் விபத்து, என்னை அனுப்பினார் என்று மூச்சிரைக்க ஓடி வருவாள். இதிலெல்லாம் பெரியவள் சீக்கிரமே தேறிவிட்டாள். அவளைக் கவிழ்த்தது கடைசி வேடம்தான்: தேனொழுகப் பேசுகிற அம்மாள். தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு சின்னவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தனியா வந்தியாம்மா? என்னை உன் அக்கா மாதிரி நினைச்சுக்க" என்றதும், பெரியவள் மடமடவென்று சலவைக்கூடத்துக் கதை, இயந்திரம் வந்த கதை, அம்மாவின் முட்டி வலி வரைக்கும் கொட்டிவிட்டாள். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலையும் கொடுத்துவிட்டாள்.

சின்னவள் சால்வையை வீசி எறிந்தாள். "போச்சு. இந்நேரம் உன்னை எங்கயோ கொண்டுபோய் வித்திருப்பா. மிரட்டுறவனைக்கூட நம்பலாம் அக்கா, இனிக்க இனிக்கப் பேசுற பொம்பளையை நம்பவே நம்பாதே. யாருன்னு தெரியாதவங்ககிட்ட வாயையே திறக்காதே. நம்பர் குடுக்காதே, குடுத்தா வாங்காதே."

பெரியவள் மனப்பாடம் செய்தாள். விட்டாளா சின்னவள்? சோதனை வைத்தாள். சொல்லாமல் கொள்ளாமல் வைத்தாள். கடைக்கு வரும் ஒரு அம்மாளைப் பிடித்து, தெருமுனையில் பெரியவளை வழிமறிக்கச் சொன்னாள். "நான் உங்க அம்மாவோட சிநேகிதி, அவசரமா ஒரு போன் பேசணும், உன் போனைக் குடும்மா." பெரியவள் தலையைக் குனிந்துகொண்டு ஒரே நடையாக வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த சின்னவள் கைதட்டினாள். பெரியவளுக்கு வெட்கமும் பெருமையும் தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் எந்தப் பரீட்சையிலும் தேறியதில்லை. இதன்பிறகு தெருவில் எந்த முகம் தெரியாதவர் மணி கேட்டாலும் சோதனை என்றே எடுத்துக்கொண்டு வாயை இறுக மூடிக்கொள்வாள்.

ஊர் உலகத்துக் கெட்டவர்களை எல்லாம் அந்த ஒற்றை அறைக்குள் கூட்டி வந்து நடித்துப் பார்த்தார்கள். வேலை கொடுக்கிறவன் வேடத்தை மட்டும் யாரும் போடவில்லை. அந்த மூன்று பேர்மேல் எப்படிக் கோபப்படுவது? அப்படி ஒரு வேடம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

விமானத்தில் பெரியவளுக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். அதே நாட்டில் ஆஸ்பத்திரி வேலை, விடுமுறை முடிந்து திரும்புகிறாள். இடுப்புப் பட்டையை மாட்டத் தெரியாமல் பெரியவள் தடுமாறியபோது அவளாகவே மாட்டிவிட்டாள். காது அடைக்கும் என்று ஒரு மிட்டாய் நீட்டினாள். பெரியவள் வாங்கவில்லை.

"முதல் தடவையா? தனியாவா போறே?"

பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பயப்படாதேம்மா. என்னை உன் சொந்த அக்காவா நினைச்சுக்க" என்றாள் நர்ஸ்.

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்னவள் சால்வையைப் போட்டுக்கொண்டு பேசிய அதே பேச்சு. தங்கைதான் ஆள் வைத்து அனுப்பியிருக்கிறாளோ என்றுகூட ஒரு நொடி நினைத்தாள். விமானத்துக்குள்ளேயுமா சோதனை வைப்பாள்? வைக்கக்கூடியவள்தான்.

நர்ஸ் விடவில்லை. அவளுக்கு இந்த முகங்கள் பழக்கம். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "எங்க ஆஸ்பத்திரிக்கு உன்னை மாதிரிப் பொண்ணுங்க வருவாங்க. கையில சூட்டுக்காயம், கால்ல வீக்கம். பாஸ்போர்ட் எங்கேன்னு கேட்டா முதலாளிகிட்ட இருக்கும்பாங்க. முதலாளி எங்கேன்னு கேட்டா அழுவாங்க. வர்றவன் கேட்டாலும் பாஸ்போர்ட்டைக் குடுக்காதே. அது உன் கையில இருக்கிற வரைக்கும்தான் நீயா திரும்பி வர முடியும். என் நம்பரை வெச்சுக்க."

துண்டுத் தாளில் எழுதிய நம்பரை அவள் மடியில் வைத்தாள். பெரியவள் அதை எடுத்து, இருக்கைக்கு முன்னால் இருந்த பைக்குள், வாந்தி எடுக்க வைத்திருக்கும் காகித உறைக்குப் பின்னால் செருகினாள். இறங்கும்போது அது அங்கேயே இருந்தது. நம்பர் வாங்காதே என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லியிருந்தார்களே.

நண்பகல். வருகைக் கூடத்தில் கம்பித் தடுப்புக்கு அப்பால் பலகைகள் வரிசையாக நின்றன. இரண்டு பேர் டாக்ஸி என்று பின்னாலேயே வந்தார்கள், பெரியவள் நிமிரவில்லை. ஒருவன் பெட்டியில் கை வைத்தான். இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டாள். தூணோரம் நின்று கைப்பையிலிருந்து போட்டோவை எடுத்தாள். அதோ, அதே முகம். நீலச் சட்டைகூட அதே சட்டை. பலகையில் அவள் பெயர், அதன் கீழே கம்பெனி பெயர். எல்லாம் அச்சாகப் பொருந்தின. பெரியவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வாங்கக்கா. பயணம் எப்படி இருந்துது? ரொம்பக் களைப்பா இருப்பீங்க" என்றார் பலகைக்காரர். சுத்தமான தமிழ். கையில் அவளுக்காக ஒரு தண்ணீர் பாட்டில்கூட வைத்திருந்தார். "பாஸ்போர்ட்டைக் குடுங்க. கம்பெனியில பதியணும். தொலைஞ்சுபோனா ரொம்பக் கஷ்டம், எங்ககிட்டயே பத்திரமா இருக்கும்."

அவள் கைப்பையைத் திறந்தபோது பின்னாலிருந்து ஒரு கை அதை மூடியது. நர்ஸ். அவளை அழைத்துப்போக வந்திருந்த கணவர் தள்ளுவண்டியைப் பிடித்தபடி சற்றுத் தள்ளி நின்றிருந்தார்.

"எதுக்குப் பாஸ்போர்ட்? அது இவங்ககிட்டயே இருக்கட்டும். சட்டப்படி நீங்க வாங்கக் கூடாது" என்றாள் நர்ஸ்.

"நீங்க யாரு மேடம்?" பலகைக்காரர் சிரித்த முகத்தை மாற்றவே இல்லை.

நர்ஸ் கைகாட்டிக் காவலரைக் கூப்பிட்டாள். காவலர் இளம் வயது, நிதானமாக வந்தார். நர்ஸ் அந்த ஊர் பாஷையில் படபடவென்று ஏதோ சொன்னாள். பலகைக்காரரும் பலகையைக் காட்டி, ஒரு தாளைக் காட்டி, அமைதியாக ஏதோ சொன்னார். காவலர் இருவரையும் விட்டுவிட்டுப் பெரியவளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். நர்ஸ்தான் அதைத் தமிழில் சொன்னாள். நாணயமான பெண், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"என்னைத் தெரியுமான்னு கேட்கிறார். நான் உனக்குத் தெரிஞ்சவளா, இவர் தெரிஞ்சவரான்னு கேட்கிறார்."

பெரியவள் மூன்று பேரையும் பார்த்தாள். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் விடை தெரிந்திருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கேள்விக்கு அவளுக்கு விடை நன்றாகத் தெரிந்திருந்தது.

"இவங்களைத் தெரியாது" என்றாள். பலகைக்காரரைக் காட்டி, "இவர்தான் எனக்காக வந்தவர். போட்டோ வெச்சிருக்கேன்" என்றாள்.

போட்டோவைக் காவலரிடம் நீட்டவும் செய்தாள். அவர் போட்டோவையும் முகத்தையும் பார்த்தார், தலையசைத்தார், போய்விட்டார். பாஸ்போர்ட் கை மாறியது. "நமக்கெதுக்கு வம்பு, வா" என்று கணவர் நர்ஸின் தோளைத் தொட்டார். தள்ளுவண்டி சக்கரம் ஒன்று கிறீச்சிட, இருவரும் கூட்டத்தில் கலந்தார்கள். பெரியவளுக்கு அந்த நிமிடம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் வயிறு எரியும். இதைத் தங்கைக்குச் சொல்ல வேண்டும், இனிக்கப் பேசுகிறவள் வந்தாள், நான் விழவில்லை என்று சொல்ல வேண்டும், அம்மா கேட்டால் சிரிப்பாள் என்று நினைத்துக்கொண்டே காரில் ஏறினாள்.

காரில் கொஞ்ச தூரம் போனதும் பலகைக்காரர் முன் இருக்கையிலிருந்து திரும்பாமலே, "போன் வெச்சிருக்கியா? அதையும் குடு" என்றார். கூடத்தில் இருந்த 'வாங்கக்கா' கார்க் கதவோடு முடிந்துவிட்டது. ஒருவரை 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு இறக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவருக்கு ஒரு போக்குவரத்து விளக்கு விழுகிற நேரம் போதுமாக இருந்தது.

ஹோட்டல் இல்லை. வரிசைக் கடைகளுக்குப் பின்னால் ஒரு மாடிக் கட்டடம். மாடியில் நீண்ட அறை, நடுவில் இஸ்திரி மேசைகள், சுவரோரம் அடுக்குக் கட்டில்கள். மூட்டை மூட்டையாக விரிப்புகள் படியேறி வரும், மடிப்பு மடிப்பாக இறங்கிப் போகும். ஜன்னல் கண்ணாடிகளுக்கு வெள்ளை வர்ணம் பூசியிருந்தார்கள். ஏற்கனவே இருந்த பெண்கள் வெவ்வேறு நாட்டுக்காரிகள். பெரியவளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்கள். கதவு வெளிப்பக்கம் பூட்டப்பட்டது. பலகைக்காரர் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார்: "உங்க பாதுகாப்புக்குத்தான். வெளிய ஊர் சரியில்லை."

வாணலிக்குத் தப்பி அடுப்பில் விழுந்த கதை என்பார்கள். இவள் வாணலிக்கும் தப்பவில்லை. வாணலியைக் கண்டு ஓடச் சொன்னவளைத்தான் தெரியாது என்றாள். முதல் சில நாட்களில் பெரியவள் இதை நினைக்கவே பயந்தாள். பிறகு தேய்க்கும்போதெல்லாம் நினைத்தாள். நர்ஸின் நம்பரை ஞாபகப்படுத்திப் பார்த்தாள். பார்த்திருந்தால்தானே ஞாபகம் வர? மடியில் வைத்ததை அவள் படித்துக்கூடப் பார்க்கவில்லை. சம்பளம் கேட்டவளுக்குச் சாப்பாடு நின்றது. காய்ச்சல் என்றவளுக்கு ஒரு மாத்திரை வந்தது. உள்ளே வந்தவர்கள் யாரும் வெளியே போனதை அவள் பார்க்கவில்லை.

வீட்டோடு பேச விட்டார்கள். அதில் குறை வைக்கவில்லை. பேசாவிட்டால் ஊரில் தேட ஆரம்பித்துவிடுவார்களே. பலகைக்காரர் செல்போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைப்பார். அந்த மேசை முனையிலேயே சாய்ந்துகொண்டு நகம் வெட்டுவார்.

"அக்கா, எல்லாம் நான் சொன்ன மாதிரியே செஞ்சியா?" சின்னவளின் குரல் அறை முழுக்க நிறையும்.

"செஞ்சேன்."

"யாராவது வந்தாளா, இனிக்க இனிக்கப் பேசிக்கிட்டு?"

பெரியவள் பலகைக்காரரைப் பார்த்தாள். "வந்தா" என்றாள்.

"நீ என்ன சொன்னே?"

"தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் அம்மாவும் தங்கையும் சேர்ந்து சிரிக்கிற சத்தம். இந்தக் கதை அன்று மாலைக்குள் தெருவெல்லாம் பரவியது. ஏஜென்ட்டும் தன்னிடம் வருகிறவர்களிடம் சொன்னார். வெளிநாடு போகிற பெண்கள் சின்னவளிடம் ஒத்திகைக்கு வர ஆரம்பித்தார்கள். அவள் அலுக்காமல் சால்வையைப் போட்டுக்கொண்டு நடித்தாள். அந்தப் பெண்களில் ஒருத்தி பெரியவளுக்கு எதிர்க் கட்டிலுக்கு வந்து சேர்ந்தாள். வந்த அன்று, "உங்க தங்கச்சிதான் எல்லாம் சொல்லிக் குடுத்தா" என்றாள். அவளிடம் என்ன சொல்லி அழுவது என்று பெரியவளுக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஒரு நாள் சின்னவள் அந்தச் செய்தியைச் சொன்னாள். செல்போன் கடையை மூடுகிறார்கள். அக்கா இருக்கிற இடத்திலேயே இன்னொரு வேலை இருக்கிறதாம், ஏஜென்ட் அவராகவே வீடு தேடி வந்தாராம். இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்தால் ஒருவருக்கொருவர் துணை என்று அம்மாவும் சொல்லிவிட்டாள். அம்மா சித்தி வீட்டில் இருந்துகொள்வாள். டிக்கெட் வந்தாயிற்று.

தனக்கு நடந்ததைப் பெரியவள் எப்படியோ விழுங்கியிருந்தாள். இதை விழுங்க முடியாது. பலகைக்காரர் நகத்திலிருந்து கண்ணை எடுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வராதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த வார்த்தைக்குள் போன் அணைந்துவிடும், பிறகு என்ன ஆகுமோ. தெரிந்த வழியில் எல்லாம் யோசித்தாள். யோசித்துப் பழக்கம் இல்லாதவள், நின்ற நிற்பில் யோசித்தாள். கடைசியில் சாதாரணமாகச் சொல்வதுபோல் சொன்னாள்.

"ப்ளேன்ல பக்கத்துல யாராவது அம்மா உட்கார்ந்தா பேசிக்கிட்டு வா. நம்பர் குடுத்தா வாங்கி வெச்சுக்கோ. அவங்க என்ன சொல்றாங்களோ அதைக் கேளு."

அந்தப் பக்கம் ஒரு கணம் சத்தமே இல்லை. புரிந்துவிட்டது, கெட்டிக்காரியாயிற்றே, புரிந்துகொண்டாள் என்று பெரியவள் நினைத்தாள். அப்போது சின்னவள் வெடித்துச் சிரித்தாள்.

"அம்மா, இங்க வந்து கேளு, இந்த அக்கா எனக்கே சோதனை வைக்கிறா. குருவுக்கே பாடமாடி? யார்கிட்டயும் பேச மாட்டேன், நம்பர் வாங்க மாட்டேன், பலகையைப் பார்க்காம நகர மாட்டேன். போதுமா? பாஸா?"

"அதில்லடி, நிஜமாவே சொல்றேன்" என்றாள் பெரியவள். குரல் உடைந்தது.

"நானும் இப்படித்தானே நிஜம் மாதிரியே பேசுவேன்? நல்லாத் தேறிட்டே அக்கா" என்று தங்கை மனதாரப் பாராட்டினாள்.

பலகைக்காரர் போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவர் முட்டாள் இல்லை. கத்தவில்லை, கை ஓங்கவில்லை. மேசையில் இருந்த விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே சொன்னார்: "நீயும் வா, ஏர்போர்ட்டுக்கு. பலகையை நீயே பிடி. அக்காவைப் பார்த்தா தங்கச்சி சந்தோஷப்படுவா. ஒழுங்கா நின்னா ரெண்டு பேருக்கும் ஒரே அறை. கோளாறு பண்ணினா அவளை வேற இடத்துல விட்டுடுவாங்க. எங்கேன்னு எனக்கே தெரியாது. அப்புறம் நீ அழுதாலும் நான் கண்டுபிடிச்சுத் தர முடியாது."

அவளுக்கு ஒரு நல்ல மேலங்கி கொடுத்தார்கள். தலைமுடியை ஒழுங்காகக் கட்டச் சொன்னார்கள்.

கூடத்தில் அதே கம்பித் தடுப்பு. பெரியவள் தங்கையின் பெயர் எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காவலர் ஒருவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு எதிரே நடந்து போனார். அவரிடம் ஓடலாம். ஓடி என்ன சொல்வது? அந்த ஊர் பாஷையில் அவளுக்குத் தெரிந்த வார்த்தைகள் சூடு, சீக்கிரம், மறுபடி தேய் என்பவைதான். பாஷை தெரிந்தவர் பக்கத்திலேயே தோளோடு தோள் நின்றார். நாலு வார்த்தை சிரித்துப் பேசி அனுப்பிவிடுவார். அதற்குள் சின்னவள் வெளியே வருவாள், வேறு யாரோ வேறு பலகையோடு நிற்பார்கள். அப்படி அவள் போய்விட்டால்? பார்க்கவாவது முடிகிற இடத்தில் இருக்கட்டும் என்று ஒரு மனம் சொன்னது. பாவி, நீயே கூட்டிக்கொண்டு போகப் போகிறாயா என்று இன்னொரு மனம் கேட்டது. விமானம் தாமதமாக வேண்டும், திரும்பிப் போய்விட வேண்டும், தங்கைக்கு ஏதாவது காய்ச்சல் வந்து ஏறாமலே இருந்திருக்க வேண்டும் என்று நின்றபடியே வேண்டினாள்.

கதவு திறந்தது. சின்னவள் வந்தாள். பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், உதட்டை இறுக மூடிக்கொண்டு வந்தாள். டாக்ஸிக்காரன் ஒருவன் குறுக்கே வந்தான். அவனைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். தூணோரம் நின்று பலகை பலகையாகப் பார்த்தவள் தன் பெயரைக் கண்டாள். பிறகுதான் அதற்கு மேலே இருந்த முகத்தைக் கண்டாள்.

பெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து கம்பிக்கு மேலாகவே கட்டிக்கொண்டாள். அவ்வளவு நேரம் அடக்கி வைத்த பேச்சு எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. அம்மா அழுதது, விமானத்தில் காது அடைத்தது, பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வந்தது. "நீயே வருவேன்னு சொல்லவே இல்லையே. வர்ற வழியெல்லாம் எப்படிப் பயந்தேன் தெரியுமா? வெளிய காட்டிக்கல. உன் மூஞ்சியைப் பார்த்த பிறகுதான் உயிரே வந்துது. ஏன்க்கா இப்படி இளைச்சுட்டே?"

பெரியவள் வாயைத் திறந்தாள். பக்கத்தில் நின்றவர் சற்று இருமினார்.

"பயணம் நல்லா இருந்துதா தங்கச்சி? பாஸ்போர்ட்டைக் குடுங்க, கம்பெனியில பதியணும்" என்றார்.

சின்னவள் சட்டென்று பின்வாங்கினாள். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பார்வையில் அத்தனை வீடியோக்களும் இருந்தன. "உங்ககிட்ட எதுக்குக் குடுக்கணும்? அதெல்லாம் முடியாது" என்றாள். கொடுக்காதேடி, அப்படியே நில்லு, கத்து, ஊரைக் கூட்டு என்று பெரியவள் உள்ளுக்குள் கரடியாகக் கத்தினாள். வெளியே ஒரு முனகல்கூட வரவில்லை.

சின்னவள் கைப்பையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தாள். அதை அக்காவின் கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினாள்.

"உன்கிட்ட இருக்கட்டும்க்கா" என்றாள்.

பெரியவளுக்கு அருகில் ஒரு கை நீண்டு காத்திருந்தது. அவசரமே படாமல், சிரித்த முகத்தோடு காத்திருந்தது. பெரியவள் தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைக் கொடுத்தாள்.